அபிங்டன் நகரின் ஸ்போட்ஸ் கார்

சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருதல் வழக்கம். ஆயினும், மக்கள் தம் கையாற் செய்து, தம் கையாலே பயன்படுத்திய பொருள்களுக்கும் சரித்திரம் உண்டு. கலப்பையின் வரலாற்றை ஆராய்பவன் ஒரு நாட்டின் உணவு வரலாற்றையே ஆராய்கிறான். கப்பலின் வரலாற்றை ஆராய்பவன் வாணிகத்தின் வரலாற்றை ஆராய்கிறான். இருபதாம் நூற்றாண்டின் வாழ்க்கையை மாற்றியமைத்த மோட்டார்க் காரும் அவ்வாறு ஆராயத்தக்கதொன்றே.

கார்களுள் மிகப் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்து, ஈற்றிற் பழைய இரும்பாய் எடைக்கு விற்கப்படுகின்றன. ஒரு சில மட்டும் அவ்விதிக்குத் தப்புகின்றன. அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவற்றைக் கழுவித் துடைத்து, பழுது பார்த்து, பணத்தையும் காலத்தையும் வாரியிறைத்து வைத்திருக்கும் மனிதர் பல நாடுகளிலும் உளர். இவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், ஓய்வுபெற்ற தொழிலாளர் எனப் பலதரப்பட்டோரும் இவர்களுள் அடங்குவர். ஒரு பழைய ஸ்போட்ஸ் கார் அதனை உடையவனிடமிருந்து எதனைக் கேட்கிறது? அதற்கு ஈடாக எதனைக் கொடுக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இங்கிலாந்திலே அபிங்டன் என்னும் சிறு நகரிற் பிறந்த எம்.ஜி. கார்களின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

ஸ்போட்ஸ் கார் என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நன்று. அது பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட காருமன்று. குடும்பத்தோடு ஏறிச் செல்லும் காருமன்று. இரண்டே ஆசனங்கள், தரையோடு தாழ்ந்த உடல், மடித்துவைக்கத்தக்க துணிக் கூரை என்பன அதன் இலக்கணம். ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வது மட்டும் அதன் நோக்கமன்று. ஓட்டுதலே ஓர் இன்பம் என்னும் எண்ணத்திலிருந்து பிறந்தது அது.

வில்லியம் மொறிஸ் என்பவர் ஒக்ஸ்போட் நகரிலே சைக்கிள் திருத்தும் தொழிலில் தொடங்கி, இங்கிலாந்தின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளர்களுள் ஒருவராய் உயர்ந்தவர். அவருக்கு உரிமையான மொறிஸ் கராஜஸ் என்னும் விற்பனை நிலையத்துக்கு 1921ஆம் ஆண்டிலே செசில் கிம்பர் என்பவர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே அவர் அதன் முகாமையாளரானார். சாதாரண மொறிஸ் கார்களின் அடிச்சட்டத்தின் மீது அழகிய இலேசான உடல்களைப் பொருத்தி விற்றால் வாங்குவோர் இருப்பர் எனக் கிம்பர் கண்டார். அந்நிலையத்தின் பெயரின் முதலெழுத்துகளே எண்கோணச் சின்னத்தினுள் எம்.ஜி. எனப் பொறிக்கப்பட்டன.

1928ஆம் ஆண்டில் காட்சிக்கு வைக்கப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட் என்னும் சிறிய காரின் விலை 175 பவுண். அதற்கு முன்னர் ஸ்போட்ஸ் கார் என்பது பிரபுக்களுக்கும் பெரும் வணிகருக்குமே உரிய பொருளாய் இருந்தது. கிம்பர் செய்த புரட்சி யாதெனில், அவ்வின்பத்தை நடுத்தர வருவாயுள்ளவனுக்கும் எட்டச் செய்தமையேயாகும். 1929இல் தொழிற்சாலை ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டனுக்கு மாறியது. 1933ஆம் ஆண்டிலே இத்தாலிய வீரர் தாசியோ நுவோலாரி எம்.ஜி. கார் ஒன்றை ஓட்டி அல்ஸ்ரரில் நடைபெற்ற ரூறிஸ்ற் ட்ரொபி பந்தயத்தில் வெற்றி பெற்றார். சிறிய தொழிற்சாலையின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

எனினும், கிம்பரின் வாழ்வு அவ்வளவு இன்பமாக முடியவில்லை. 1935இல் நிறுவனம் மொறிஸ் குழுமத்துடன் முழுமையாக இணைக்கப்பட, பந்தய முயற்சிகள் நிறுத்தப்பட்டன. 1941இல் கிம்பர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டனில் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் நிகழ்ந்த புகையிரத விபத்திலே அவர் உயிர் துறந்தார். தாம் தொடக்கிவைத்த கார் கடல் கடந்து பெற்ற புகழை அவர் காணவில்லை.

அப்புகழ் இரண்டாம் உலகப் போரின் பின்னர் வந்தது. போரினாற் கடனாளியான பிரித்தானியா ஏற்றுமதி செய்யாவிடில் உயிர்வாழ முடியாது என்னும் நிலையில் இருந்தது. 1945 தொடக்கம் 1949 வரை அபிங்டனிலே செய்யப்பட்ட ரீ.சி. என்னும் மொடலின் தொகை ஏறத்தாழப் பத்தாயிரம். அவற்றுட் பெரும்பகுதி பிற நாடுகளுக்குச் சென்றது. அமெரிக்காவுக்குச் சென்றவை சுமார் இரண்டாயிரம் மட்டுமே. அதிலும் யாவும் ஓட்டும் சில்லு வலப்பக்கத்தே அமைந்தவை. வீதியின் வலப்பக்கத்தே செல்லும் அந்நாட்டுக்கு அவை பொருந்தாதவை. இருந்தும் அமெரிக்கர் அவற்றை விரும்பினர். அவற்றைத் தொடர்ந்து 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் கார் ஓர் இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாயிற்று.

1962ஆம் ஆண்டில் எம்.ஜி.பி. வெளிவந்தது. வரி நீங்கலாக அதன் விலை 690 பவுண். 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நாற்சிலிண்டர் எஞ்சின், இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்கள், மணிக்கு நூறு மைலைத் தாண்டும் வேகம் என்பன அதன் சிறப்புகள். முன்னைய கார்களில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. எம்.ஜி.பி.யிலோ தனியான அடிச்சட்டம் இல்லை. உருக்குத் தகடுகளை மடித்துப் பெட்டிகளாகப் பற்றவைத்து, உடலே தன்னைத் தாங்கும்படி அமைத்தனர். இதனாற் கார் இலேசாகவும் உறுதியாகவும் அமைந்தது. அன்று அதன் பெருமையாயிருந்த இவ்வமைப்பே பிற்காலத்தில் அதனை உடையவர்களின் பெருஞ் செலவுக்குக் காரணமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அபிங்டன் தொழிற்சாலை பெரிய தொழிற்சாலையன்று. எஞ்சினும் உடற்கூடும் வேறிடங்களிலிருந்து வந்தன. அங்கே அவற்றைப் பொருத்தி முடித்தனர். தானியங்கிப் பட்டைகள் இழுத்துச் செல்லாமல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தொழிலாளரே கார்களைக் கையால் தள்ளிச் சென்றனர். தந்தைக்குப் பின் மகன் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்தலும் அங்கே இருந்தது.

ஆனால், தொழிற்சாலையின் விதி அபிங்டனில் எழுதப்படவில்லை. உரிமையாளர்கள் மாறினர், நிறுவனங்கள் இணைந்தன. 1968இல் அமைந்த பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் மாபெரும் குழுமத்துள் எம்.ஜி. ஒரு சிறு உறுப்பாயிற்று. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டங்களுக்கு அமைவதற்காகப் பளபளக்கும் உருக்குப் பம்பர்களுக்குப் பதிலாகக் கறுத்த பருமனான பம்பர்கள் பொருத்தப்பட்டன. காரின் உயரமும் கூட்டப்பட்டது. இதனால் வளைவுகளில் அது முன்போல் உறுதியாக நிற்கவில்லை. புதிய மொடல் ஒன்றை உருவாக்கப் பணம் ஒதுக்கப்படவுமில்லை.

1979ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், அபிங்டனில் எம்.ஜி. குடியேறிய ஐம்பதாம் ஆண்டு நிறைவு நகரிலே விழாவாகக் கொண்டாடப்பட்டது. விழா முடிந்த சில நாள்களுள், செப்டெம்பர் 10ஆந் தேதி, கார் உற்பத்தி அங்கு நிறுத்தப்படும் என நிறுவனம் அறிவித்தது. பவுணின் பெறுமதி உயர்ந்தமையால் அமெரிக்க விற்பனை நட்டத்தையே தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தொழிற்சாலையை விலைக்கு வாங்க அஸ்ரன் மார்ட்டின் நிறுவனத்தார் முதலியோர் செய்த முயற்சியும் கைகூடவில்லை. 1980 ஒக்டோபரிலே கடைசி எம்.ஜி.பி. செய்து முடிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை உலகுக்கு அளித்த இடம் மூடப்பட்டது.

தொழிற்சாலை மூடப்பட்டால் கார்களும் விரைவில் மறைந்துவிடும் என்பதே உலக வழக்கு. உதிரிப் பாகங்கள் கிடைக்கமாட்டா, திருத்துவோர் வேறு தொழிலுக்குச் செல்வர், விலை வீழும். எம்.ஜி.பி.யும் அவ்வழியே செல்லத் தொடங்கிற்று. இளைஞர்கள் மலிவு விலைக்கு வாங்கி ஓட்டி உடைத்தனர். பல கார்கள் பழைய இரும்பாயின. இந்நிலையிலேயே அவற்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோர் முன் பெரியதொரு செலவுக் கணக்கு வந்து நின்றது.

அக்கணக்கின் முதலாம் பகுதி துரு. இங்கிலாந்தில் மாரிகாலத்தில் வீதிகளிற் பனிக்கட்டி உறையாதிருத்தற் பொருட்டு உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் தகடுகளின் உட்புறத்தே புகுந்து கறள் பிடிக்கச் செய்யும். எம்.ஜி.பி.யில் கதவுகளின் அடியே முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை ஓடும் பெட்டி போன்ற பகுதிகள் உள்ளன. கூரையில்லாத காருக்கு முதுகெலும்பு அவையே. வெளியே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே அவை கடுதாசிபோல் இற்றுப்போயிருத்தல் கூடும். இதனை அறியாது அழகிய வர்ணத்தைக் கண்டு வாங்கியவன், வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் திருத்தத்துக்குச் செலவிட நேரும். திருத்துவோன் உடலைச் சரியாகத் தாங்கிப் பிடிக்காமல் அப்பகுதியை வெட்டினால், கார் நடுவே தொய்ந்து கதவுகள் பொருந்தாமற் போய்விடும். யானை வாங்குவது ஒரு செலவு, அதற்குத் தீனி போடுவது மற்றொரு செலவு என்பதை அவன் அப்போது உணர்வான்.

இரண்டாம் பகுதி ஓயாத பராமரிப்பு. இக்காலக் கார் நீண்ட காலம் ஒருவரும் திரும்பிப் பாராமலே ஓடும். எம்.ஜி.பி. அத்தகையதன்று. முன் சில்லுகளைத் திருப்பும் அச்சுகளுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டும் என்பது அதன் கைந்நூல் விதி. அதனை மறந்தவனுக்கு அச்சுகள் தேய்ந்து பெருஞ்செலவு வரும். இரண்டு காபரேற்றர்களும் ஒன்றோடொன்று இசைந்து மூச்சு வாங்குமாறு அடிக்கடி சரிசெய்யப்பட வேண்டும். ஆரம்ப கால மொடல்களில் ஆறு வோல்ற்று பற்றரிகள் இரண்டு, ஆசனங்களின் பின்னே தரைக்கு அடியில் மறைந்திருக்கும். எட்டாத இடத்தில் இருப்பதனால் அவற்றைக் கவனியாது விடுவோர் பலர். பெற்றோலைச் செலுத்தும் மின்பம்பு சிலவேளை திடீரென நின்றுவிடும். அதனை மெல்லத் தட்டிவிட்டால் மறுபடி இயங்கும் என்பது இக்கார்களை உடையோரிடையே வழிவழி வந்த அறிவு.

மூன்றாம் பகுதி காலத்தின் மாற்றம். எம்.ஜி.பி. செய்யப்பட்ட காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அவ்வீயம் வால்வுகள் வந்து அமரும் இடத்திற் படிந்து, வார்ப்பிரும்பு தேயாமற் காத்தது. ஈயம் மனிதரின், சிறப்பாகக் குழந்தைகளின், மூளைக்குத் தீங்கு விளைவிப்பதாதலின் நாடுகள் ஒவ்வொன்றாக அதனை விலக்கின. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது ஈயப் பெற்றோலின் பொது விற்பனை நின்றது. இலங்கையில் அது 2002இல் நிறுத்தப்பட்டது. நாட்டின் நலனுக்கு இது இன்றியமையாதது. ஆயினும் பழைய கார் உடையோன், எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிக் கடினமான உலோக வளையங்களைப் பொருத்தவோ, பெற்றோலுடன் மாற்று மருந்து கலக்கவோ வேண்டியவனானான். 2021இல் பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் பிரித்தானியாவில் வழக்குக்கு வந்தபோது, பழைய இறப்பர்க் குழாய்கள் இளகிக் கசியும் அபாயமும் சேர்ந்துகொண்டது. உலகம் தன் நலனுக்காக மாறும்போதெல்லாம், மாறாத பொருளை வைத்திருப்பவன் அம்மாற்றத்தின் விலையைத் தன் கைப்பணத்திலிருந்து செலுத்த வேண்டியவனாகிறான்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது பணத்தால் அளக்கப்படுவதன்று. இக்கார்களில் மோதலின்போது காக்கும் காற்றுப் பைகள் இல்லை. சில்லுகள் வழுக்காது பிறேக்கை ஒழுங்குபடுத்தும் கருவிகளும் இல்லை. உயர்ந்த கனரக வாகனங்களிடையே தாழ்ந்த சிறு காராகச் செல்லும்போது சாரதியின் கவனமே அவனுக்குக் காப்பு. அன்றியும், விடுமுறை நாள்கள் பல கராஜுக்குள்ளேயே கழியும். குடும்பத்தினருக்குச் சேரவேண்டிய நேரமும் பணமும் அங்கே கரையும். இதனைச் செலவுக் கணக்கிற் சேர்க்காது விடுவோர் தம்மையே ஏமாற்றுவோர் ஆவர்.

இத்தனை செலவுக்கும் பயன் யாது? பலர் எண்ணுவதுபோல் அது பணலாபமா? 1962ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் மற்றொரு கார் வெளிவந்தது. பெராரி 250 ஜீ.ரீ.ஓ. என்னும் அக்கார் முப்பத்தாறு மட்டுமே செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. இத்தகைய செய்திகளைக் கேட்போர் பழைய ஸ்போட்ஸ் கார் எல்லாமே புதையல் என மயங்குகின்றனர். உண்மை அதுவன்று. ஐந்து இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. அருமைப் பொருளன்று. அதனை முற்றாகப் புதுப்பிப்போர் செலவிடும் தொகை, விற்கும்போது கிடைக்கும் தொகையைவிடப் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். செல்வந்தரின் பெராரி பூட்டிய மண்டபத்தில் இருந்துகொண்டே பெறுமதி ஏறும். நடுத்தர மனிதனின் எம்.ஜி.பி. அவ்வாறு ஏறுவதில்லை.

ஆகவே பயனை வேறிடத்தில் தேடவேண்டும். 1973இல் இங்கிலாந்திலே எம்.ஜி. உடையோர் சங்கம் ஒன்று அமைந்தது. அதற்கும் முந்திய சங்கம் 1930இலேயே தோன்றியிருந்தது. தொழிற்சாலை மூடப்பட்ட பின்னர், தொழிற்சாலை செய்துவந்த பணியைச் சங்கங்களும் சிறு வணிகர்களும் தம் தோளில் ஏற்றனர். பாகங்கள் எங்கே கிடைக்கும், எதனை எவ்வாறு திருத்துவது, வாங்குமுன் எதனைப் பார்க்க வேண்டும் என்பனவெல்லாம் ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். வாங்கும் தேவை குன்றாது இருந்தமையால் பாகங்களைப் புதிதாகச் செய்வோரும் தோன்றினர்.

இதன் உச்சமாக அமைந்தது 1988ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. தகடுகளை உருவாக்கும் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் என்னும் நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கார் உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளின் பின் அதே காரின் உடல் மறுபடி பிறந்தது. துருவினால் இறக்கவேண்டிய கார், தன் எஞ்சினையும் சில்லுகளையும் புதிய உடலுக்குள் கொண்டு சென்று வாழ வழி ஏற்பட்டது. அதே உடலை அடிப்படையாகக் கொண்டு 1992இல் எம்.ஜி. ஆர்.வீ.8 என்னும் புதிய காரும் வெளிவந்தது; செய்யப்பட்ட இரண்டாயிரத்துக்குக் கிட்டியவற்றுட் பெரும்பாலானவை ஜப்பானுக்குச் சென்றன. அதற்கு முன்னரே, 1989இல், ஜப்பானின் மஸ்டா நிறுவனம் பழைய பிரித்தானியக் கார்களின் இயல்பைத் தழுவி எம்.எக்ஸ்.5 என்னும் இரண்டாசனக் காரை வெளியிட்டது. இலாபமில்லை என்று கைவிடப்பட்ட எண்ணத்தை உலகம் மறக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

அரசாங்கமும் இவற்றை ஒரு மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் பிரித்தானியாவில் வாகன வரி விலக்கு உண்டு. 2018 மே மாதம் தொடக்கம், பெருமாற்றம் செய்யப்படாத அத்தகைய கார்கள் ஆண்டுப் பரிசோதனையிலிருந்தும் விலக்கப்பட்டுள்ளன. எனினும், கார் பாதுகாப்பான நிலையில் இருத்தல் வேண்டும் என்னும் பொறுப்பு உரிமையாளனை விட்டு நீங்கவில்லை. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் மனச்சான்று வந்து நிற்றல் வேண்டும் என்பதை உணர்ந்தோர், கட்டாயம் இல்லாதபோதும் தம் கார்களைப் பரிசோதனைக்குக் கொண்டு செல்கின்றனர்.

இவை பொதுவான பயன்கள். தனி மனிதனுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றும் உண்டு. இக்காலக் காரின் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைகளும் மின்னணுப் பெட்டிகளுமே தெரிகின்றன. அதனை ஓட்டுபவன் அதன் இயக்கத்தை அறிய இயலாது. எம்.ஜி.பி.யின் மூடியைத் திறப்பவன் பெற்றோல் எங்கிருந்து வருகிறது, தீப்பொறி எங்கே பிறக்கிறது, நீர் எவ்வழி ஓடுகிறது என்பவற்றைக் கண்ணாற் கண்டு, சாதாரணக் கருவிகள் சிலவற்றைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளலாம். வீதியின் தன்மை ஓட்டும் சில்லினூடாகக் கைக்கு எட்டும். எஞ்சினின் நலமும் நலிவும் ஒலியினூடாகக் காதுக்கு எட்டும். மெதுவாகச் செல்லும்போதே விரைவாகச் செல்லும் உணர்வு பிறக்கும். தான் பயன்படுத்தும் பொருளைத் தானே அறிந்திருத்தல் என்னும் நிறைவு இக்காலத்தில் அரிதாகிவிட்டது. அதனை மீளப் பெறுவதற்கே பலர் இத்துணைச் செலவையும் ஏற்கின்றனர் எனல் பொருந்தும்.

எம்.ஜி. என்னும் பெயரின் பிற்கால வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. அப்பெயரை வைத்திருந்த எம்.ஜி. றோவர் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வீழ்ந்தது. பின்னர் அப்பெயர் சீன நிறுவனத்துக்கு உரிமையாயிற்று. இன்று அவ்வெண்கோணச் சின்னத்துடன் ஓடும் புதிய கார்களுக்கும் அபிங்டனுக்கும் பெயரளவில் மட்டுமே தொடர்பு. பெயரை வாங்கலாம், விற்கலாம். ஆனால், அபிங்டன் தொழிலாளர் கையால் தள்ளிச் சென்று பொருத்திய கார்களை நிலைபெறச் செய்தது பெயரின் உரிமையன்று. குளிர்கால இரவுகளிற் கைகளில் எண்ணெய் படிய உழைத்த பல்லாயிரம் சாதாரண மனிதரின் விடாமுயற்சியே அதனைச் செய்தது.

ஆகவே, பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்க விழைவோன் இரண்டு கணக்குகளையும் நேர்மையாக எழுதிப் பார்த்தல் வேண்டும். இலாபம் தேடுவோனுக்கு அது ஏற்ற பொருளன்று. வீட்டுச் செலவுக்கு இடருறுவோனுக்கும் அது ஏற்றதன்று. வர்ணத்தைப் பாராது அடித்தகட்டைப் பார்ப்பவனுக்கும், திருத்துவதை ஒரு கல்வியாகக் கொள்பவனுக்கும், தான் அதன் கடைசி உரிமையாளனல்லன் என்று எண்ணுபவனுக்குமே அது ஏற்றது. 1980இல் அபிங்டனின் கதவுகள் மூடப்பட்டபோது அக்கார்களின் எதிர்காலத்தைக் காப்பதாக எந்த நிறுவனமும் உறுதி கூறவில்லை. அதனைக் காத்தவர்கள் அவற்றை விலைகொடுத்து வாங்கி, தொடர்ந்து ஓட்டியவர்களே.